படத்துக்குப் போதல்: நாட்பழக்கமும் திருநாளும்

ஹெவ்லொக் வீதியில் வெள்ளவத்தை நூல் நூற்றல் நெசவாலை நின்ற நிலத்தில் இன்று உயர்மாடிக் குடியிருப்புக்களும் குளிரூட்டப்பட்ட வணிகத் தொகுதியொன்றும் நிற்கின்றன. அத்தொகுதியினுள்ளே பல்திரை அரங்கு உண்டு. 1933ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தால் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றிலே தனக்கென ஓர் இடத்தைப் பெற்றுக்கொண்ட ஆலை அது. பெருந்தொகையான மலையாளத் தொழிலாளர் அங்கே உழைத்தனர். சிங்களவரும் தமிழரும் உழைத்தனர். பிற்காலத்தில், வேலைமுறை முடிந்து வெளியேறிய ஒருவன் நடந்தே சென்றடையக்கூடிய தூரத்திற் காலி வீதியிலே சவோயும் பிளாஸாவும், பாமன்கடைப் பக்கம் ஈரோஸும் படமாளிகைகளாக விளங்கின. இன்று படம் அந்த ஆலை நிலத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஆலைத் தொழிலாளியின் வருமானம் உடைய ஒருவன் அதனைப் பார்க்க எத்தனை நாளுக்கொருமுறை உள்ளே நுழைவான் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

படத்துக்குப் போவது நாளாந்த வழக்கமா, அல்லது எப்போதாவது வாய்க்கும் விருந்தா என்னும் கேள்வி வழக்கமாக இரசனை பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அடிக்கடி போகிறவன் இரசனை குறைந்தவன். தெரிந்தெடுத்துப் போகிறவன் இரசனை மிக்கவன். தமிழிலே திரைப்படம் பற்றி எழுந்த கண்டனங்களிற் பெரும்பாலானவை இந்த எடுகோளைச் சோதியாமலே ஏற்றுக்கொண்டவை. உண்மையில் இது முதலிற் கட்டணம், தூரம், ஓய்வுநேரம், துணை, அச்சம் ஆகியவற்றைப் பற்றிய கேள்வி. இரசனை அவற்றின் பின்னரே வருகிறது. பேச்சு வழக்கு இதனை விமர்சகரிலும் நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. 'படம் பார்த்தல்' வேறு, 'படத்துக்குப் போதல்' வேறு. முன்னையது கண்ணின் வேலை. பின்னையதில் உடுத்தல், புறப்படல், வரிசையில் நிற்றல், காசு கொடுத்தல், இருட்டில் அந்நியரோடு அமர்தல், வீடு திரும்புதல் அனைத்தும் அடங்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே இவ்விடயம் பற்றிய விவாதங்கள் பல திசைமாறிப் போகின்றன.

1979ஆம் ஆண்டில் இலங்கைத் திரையரங்குகளில் ஏழு கோடிக்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டுக்கள் விற்பனையாயின. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 1 கோடி 48 இலட்சம். அதாவது தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து படங்கள். பிரித்தானியாவில் 1946இல் 160 கோடிக்கு மேற்பட்ட சீட்டுக்கள் விற்பனையாகித் தலைக்கு முப்பதைத் தாண்டியதோடு ஒப்பிட்டால் இது சிறுதொகையே. ஆயினும் சராசரி என்பது இவ்விடத்திற் பெரிதும் ஏமாற்றக்கூடியது. கைக்குழந்தையும், ஆண்டுக்கொருமுறை கூட நகருக்கு வராத கிராமத்துக் கிழவியும் அந்த ஐந்தினுள் அடக்கம். அவர்கள் போகாத படங்களையெல்லாம் வேறெவரோ போய்ப் பார்த்திருக்கின்றனர். அந்த வேறெவர் யார்?

கொழும்புத் தமிழ்ப் படமாளிகைகளின் கலரியிலே அவரைத் தேடுதல் வேண்டும். கொட்டாஞ்சேனைச் செல்லமஹாலிலோ பஞ்சிகாவத்தைக் கெப்பிட்டலிலோ கலரி வாங்குகள் துறைமுகத்து நாட்டாமைகளுக்கும், புறக்கோட்டைக் கடைச் சிப்பந்திகளுக்கும், சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்து கடையிலேயே படுத்துறங்கிய இளைஞருக்கும் உரியனவாயிருந்தன. ஊரிலே குடும்பத்தை விட்டுவந்த இவர்களுக்கு மாலைநேரம் என்பது நிரப்பப்பட வேண்டிய ஒரு வெற்றிடம். அறையில்லாதவனுக்குப் படமாளிகையே வரவேற்பறை. மின்விசிறி சுழலும் இடம். மூன்று மணிநேரம் முதலாளி கூப்பிட முடியாத இடம். ஒரே படத்தை நான்காம் முறை பார்ப்பவனைக் கண்டு சிரிப்பது எளிது. அவன் நான்காம் முறை வாங்குவது கதையையன்று, அந்த மூன்று மணிநேரத்தையே. பாட்டு எங்கே வரும், சண்டை எங்கே வரும் என்று முன்கூட்டியே அறிந்தவன் தனக்கு வேண்டாத காட்சியில் வெளியே போய்த் தேநீர் அருந்திவிட்டு வருவான். சிவன் கோவிற் பூசைக்கு நாள்தோறும் போகிறவன் மந்திரத்தைக் கூர்ந்து கேட்பதில்லை. கோவிலுக்குப் போவதையே செய்கிறான். அதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க பழக்கம் இது.

ஹெவ்லொக் டவுனின் உத்தியோகத்தர் குடும்பத்துக்கோ படத்துக்குப் போதல் முற்றிலும் வேறொரு காரியமாக இருந்தது. தீபாவளி, பொங்கல், பரீட்சை முடிவு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவினர் என ஒரு காரணம் வேண்டும். எந்தப் படம் என்பது முன்னரே பேசித் தீர்க்கப்படும். ஆசனங்கள் பல்கனியில். சேலை பெட்டியிலிருந்து எடுக்கப்படும். பெண்களைப் பொறுத்தவரை இது மேலும் உண்மை. துணையின்றி ஆறரை மணிக் காட்சிக்குப் போதல் எண்ணிப்பார்க்கவும் இயலாதது. பிற்பகல் இரண்டரை மணிக் காட்சிக்கு அயல்வீட்டுப் பெண்களோடு போய் விளக்கு வைக்குமுன் திரும்பிவிடலாம் என்பதே கிடைத்த அதிகபட்சச் சுதந்திரம். நாட்பழக்கம் என்னும் சொல் ஆணின் பழக்கத்தையே குறித்தது என்பதை ஏற்றுக்கொண்டுதான் மேற்கொண்டு பேசவேண்டும்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூலில் முக்கியமானதொரு கருத்தை முன்வைத்தார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதலாவது ஆற்றுகைக் களம் படமாளிகையே. அங்கே ஆசனத்தைத் தீர்மானித்தது பிறப்பன்று, கொடுக்கும் காசே என்பது அதன் சாரம். கோவில் வீதியிலும் கூத்துக் களரியிலும் யார் எங்கே நிற்கலாம் என்பதைச் சாதி வகுத்துவைத்த ஒரு சமூகத்தில் இது சாதாரண மாற்றமன்று. அக்கருத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளல் அவசியம். ஒரே கூரையின் கீழ் இருந்தோர் ஒரே எண்ணிக்கையான தடவைகள் அங்கே இருந்தாரல்லர். பல்கனிக்காரர் திருநாளில் வந்துபோன விருந்தினர். கலரிக்காரரே அவ்வீட்டில் வாழ்ந்தவர். சமத்துவம் என்பது இடத்தைப் பற்றியது மாத்திரமன்று, காலத்தைப் பற்றியதுமாகும். கொழும்புப் படமாளிகையிற் கீழ்வாங்கில் இருந்தவனே அக்கலையை அதிகம் அறிந்தவனாயிருந்தான் என்பது தமிழ்ச் சமூகத்தின் வேறெந்தக் கலைக்களத்திலும் எளிதிற் காணமுடியாத ஒரு தலைகீழ் நிலை.

இந்தத் தலைகீழ் நிலையை விமர்சனம் கண்டுகொள்ளவில்லை. விமர்சனம் எழுதியோர் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டொரு படம் பார்த்தோர். தாம் பார்த்த படம் தாம் செலவிட்ட மாலைக்குத் தகுதியுடையதாயிற்றா என்பதே அவர்களது அளவுகோல். நாளாந்தம் பார்ப்பவனின் அளவுகோல் அதுவன்று. ஒரு நடிகனின் கைவீச்சு சென்ற படத்திலிருந்து எவ்வாறு மாறியிருக்கிறது, ஒரு பாட்டின் படப்பிடிப்பு எங்கே சோம்பலாகிவிட்டது என்பன போன்ற நுண்ணிய ஒப்பீடுகள் அவனிடம் இருந்தன. எழுத்திலே அவை பதிவாகவில்லை. 'சினிமாப் பித்து' என்னும் ஒரே சொல்லுக்குள் அந்த அறிவு முழுவதும் தள்ளிப் பூட்டப்பட்டது. நாளும் பத்திரிகை படிப்பவனைப் பத்திரிகைப் பித்தன் என்று எவரும் சொல்லவில்லை.

இவ்விடயத்தில் உண்மையாகப் பணயத்தில் இருப்பது ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்தின் விதி. 1962இல் 'சமுதாயம்', 1963இல் 'தோட்டக்காரி' எனத் தொடங்கிய முயற்சிகள் 1970களில் ஓரளவு தொடர்ச்சி பெற்றன. 1972இல் 'குத்துவிளக்கு', 1976இல் 'கோமாளிகள்', 1977இல் 'பொன்மணி', 1978இல் 'வாடைக்காற்று' வெளிவந்தன. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன்வசமாக்கிக்கொண்ட காலமும் அதுவே. தமிழகப் படங்கள் கட்டுப்பாட்டோடு வந்தமையால் உள்ளூர்ப் படங்களுக்கு இடம் கிடைக்கும் என நம்பப்பட்டது. இவற்றுள் 'கோமாளிகள்' பெருவெற்றி பெற்றது. தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய 'பொன்மணி' வசூலிலே தோல்வி கண்டது. பிற்காலத்து விமர்சகர் மதிப்பது 'பொன்மணி'யையே.

இம்முரண்பாட்டுக்கு மக்களின் இரசனைக் குறைவே காரணம் என முடிவுகட்டுவது வழக்கம். அது போதிய விளக்கமன்று. 'கோமாளிகள்' வானொலி நாடகமாக வீடுகளுக்குள்ளும் தேநீர்க்கடைகளுக்குள்ளும் ஏற்கனவே பழகிப்போனது. அதன் பாத்திரங்களும் பேச்சும் கேட்போரின் அன்றாடத்தின் ஒரு பகுதி. திரையிலே அவற்றைக் காணப் போனவர் முன்பின் அறியாத வீட்டுக்குப் போகவில்லை. 'பொன்மணி'யோ யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் சீதனத்தையும் சாதியையும் விரைவின்றி, ஆரவாரமின்றிச் சொல்ல முயன்றது. அதனை இனங்கண்டு போகக்கூடிய படித்த பார்வையாளர் திருநாளுக்கு மட்டும் படமாளிகைக்கு வருபவர். அவர் தமது அரிய மாலையைச் சென்னையின் நிச்சயமான நட்சத்திரங்களுக்கே ஒதுக்கினார். நாளும் வருகின்ற கலரிக்காரனுக்கோ அந்தப் படம் யாரோடும் பேசுவதாகத் தோன்றவில்லை. தமிழ்ப் படம் என்றால் எந்த வேகத்தில், எந்த அளவு பாட்டோடு நகரும் என்பதை அவனது பழக்கம் சென்னையிடமிருந்தே கற்றிருந்தது. பழக்கம் இருந்தால் நல்ல படம் தானே வளரும் என்று வாதிடுவோர்க்கு இது இடையூறான உதாரணம். அதை மறைத்தல் நேர்மையாகாது.

ஆனாலும் சிங்களத் திரைப்படத்தின் போக்கு இவ்வுதாரணத்தைச் சற்று வேறுவிதமாக நோக்கத் தூண்டுகிறது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' 1956இல் வெளிவந்தபோது வசூலிலே தோற்றது. நான்கு ஆண்டுகளின் பின் அவரே நெறிப்படுத்திய 'சந்தேசய' பெருங்கூட்டத்தை ஈர்த்தது; அதனைத் தயாரித்தவர் கே. குணரத்தினம் என்னும் தமிழர். பின்னர் வந்த 'கம்பெரலிய' 1965இல் டெல்லியில் தங்கமயில் விருது பெற்றது. ஒரு தோல்வியைத் தாங்கிக்கொண்டு மறுமுறை முயல்வதற்கு, அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் மண்டபத்துக்கு வந்துகொண்டிருக்கும் ஒரு கூட்டம் வேண்டும். சிங்களப் படத்துக்கு அக்கூட்டம் சொந்தமாக இருந்தது. ஈழத்துத் தமிழ்ப் படத்துக்கு அது சென்னையிடமிருந்து இரவலாகவே கிடைத்தது. அந்த இரவலும் நெடுநாள் நீடிக்கவில்லை.

1983 யூலை அதனை முறித்தது. ஹெந்தளையில் குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டது, படச்சுருள்களும் அழிந்தன. வெள்ளவத்தையிற் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதன்பின் கொழும்புத் தமிழருக்கு இரவுக்காட்சி என்பது கட்டணத்தைப் பொறுத்த காரியமாக இருக்கவில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி, எங்கே போய்விட்டு வருகிறாய் என்ற வினாவுக்கு விடை சொல்லவேண்டிய ஓர் இளைஞன், 'படத்துக்கு' என்று சொல்வதில் உள்ள அபத்தத்தை உணர்ந்திருப்பான். போர் முடிவுற்ற 2009 வரை, இடைவெளிகளோடு, இந்நிலை தொடர்ந்தது. அதற்கு முன்பே 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. வீடியோ நாடாக்கள் வாடகைக்குக் கிடைத்தன. ஆகவே கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டிலேயே பார்த்தனர். படம் பார்த்தல் முன்னெப்போதையும் விட நாளாந்தமாயிற்று. படத்துக்குப் போதல் அருகிற்று. ஏனைய நாடுகளில் தொலைக்காட்சி தனித்துச் செய்த வேலையை — பிரித்தானியாவில் 1984இல் சீட்டு விற்பனை ஐந்தரைக் கோடிக்கும் குறைவாக வீழ்ந்தது — இங்கே தொலைக்காட்சியும் தீயும் சேர்ந்து செய்தன.

பல்கனி வென்று கலரி தோற்றது என்று இதனைச் சொல்லலாம். ஹெவ்லொக் வீதியின் பல்திரை அரங்கிற் கலரி என்றொன்று இல்லை. எல்லா ஆசனங்களும் மெத்தை. ஏறத்தாழ எல்லா விலைகளும் பல்கனி விலை. வெளித்தோற்றத்துக்கு இது வகுப்பு வேறுபாடற்ற அரங்கு. வேறுபாடு வாசலுக்கு வெளியே நகர்ந்துவிட்டது. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் சீட்டுக்கும் சோளப்பொரிக்கும் முச்சக்கர வண்டிக்கும் கொடுப்பது நாட்கூலிக்காரரின் உழைப்பிற் பெரும்பங்கை விழுங்கிவிடும். அத்தகையவர் வந்தால் ஆண்டுக்கொருமுறை, பெரிய நடிகரின் பெரிய படத்துக்கே வருவார். வேறெதற்கும் வரத் துணியார். தயாரிப்பாளரும் அதை அறிவார். ஆதலாற் படங்கள் திருநாளுக்கென்றே செய்யப்படுகின்றன: ஒவ்வொரு காட்சியும் வாணவேடிக்கை, ஒவ்வொரு வருகையும் கைதட்டலுக்கான இடைவெளி. எப்போதாவது வருபவரை ஏமாற்றாமல் அனுப்பவேண்டிய கட்டாயமே இப்பெருஞ்சத்தத்தின் மூலம். நெறியாளரின் மனப்பாங்கை மாத்திரம் குறைகூறிப் பயனில்லை. அமைதியான படங்கள் கைத்தொலைபேசியின் சிறுதிரைக்கு ஒதுங்குகின்றன. அங்கே அவற்றைப் பார்ப்போர் உண்டு. ஒருவரோடொருவர் சேர்ந்திருந்து பார்ப்போர் இல்லை.

இலங்கைத் தமிழ் இளைஞர் இன்றும் படம் எடுக்கின்றனர். அத்தகைய படமொன்றின் முதற்காட்சி பெரும்பாலும் ஒரே விதமாக நடந்தேறுகிறது. ஞாயிறு முற்பகலில் அரங்கொன்று வாடகைக்கு எடுக்கப்படும். மங்கல விளக்கேற்றப்படும், பேராசிரியர் ஒருவர் வாழ்த்துரை வழங்குவார், நடித்தவர்களின் தாயாரும் மாமியாரும் பட்டுச்சேலையில் முன்வரிசையில் அமர்ந்திருப்பர். படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவர். வெளியே வெயிலில் புகைப்படம் எடுத்துக்கொள்வர். திங்கட்கிழமை ஆறரை மணிக்கு, வேலை முடிந்து தனியே வரும் ஒருவன் அந்தப் படத்தைப் பார்க்க விரும்பினால் அது எந்த அரங்கிலும் ஓடிக்கொண்டிருக்காது.