கேட்டதைப் பகிர்தல்: நந்தன் சரித்திரக் கீர்த்தனைகள் பற்றிய திறனாய்வு

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். நூலைக் கற்பது ஒன்று. அறிந்தார் வாய்க் கேட்பது மற்றொன்று. இரண்டும் கூடிய வழியே அறிவு நிரம்பும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். அறநூலுக்கே கேள்வி வேண்டுமெனின், இசைப்பாட்டுக்கு அது எத்துணை இன்றியமையாதது எனக் கூறவும் வேண்டுமோ?

இக்காலத்தில் பாட்டுக் கேட்பதற்கு வாய்ப்புக் குறைவில்லை. வானொலிப் பெட்டியின் முன் காத்திருந்த நாள்கள் போய், கைப்பேசியிலேயே ஆயிரம் பாடல்கள் அடங்கிவிட்டன. ஆசிரியர்களின் புலனக் குழுக்களில் விடியற்காலையிலேயே பாட்டுகள் வரிசையாக வந்து சேர்கின்றன. தாம் அண்மையில் கேட்டு மகிழ்ந்த பாட்டை மற்றவர்க்கும் அனுப்புவது நல்ல பண்பே. ஆயினும் அனுப்புதல் வேறு, பகிர்தல் வேறு. பாட்டோடு ‘அருமை’ என்னும் ஒரு சொல் மட்டும் வருமாயின், பெற்றவர்க்குக் கிடைத்தது ஒலி மட்டுமே. அனுப்பியவர் அப்பாட்டில் எதைக் கேட்டார் என்பது அவரிடமே தங்கிவிடுகிறது. எதைக் கேட்டோம் என்று சொல்லும்போதுதான் கேட்டது பகிரப்படுகிறது. இவ்வுண்மைக்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரக் கீர்த்தனைகளைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

பாரதியார் சோழநாட்டில் நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் வாழ்ந்து, 1896-இல் மறைந்தவர். அவர் இயற்றிய நந்தன் சரித்திரம் 1860-களின் தொடக்கத்தில், பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால் காரைக்காலில் அச்சேறியது. அதற்கு முன்னரே அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடிச் சிறப்புப்பாயிரம் வேண்டினார். பிள்ளையவர்களோ பலமுறை வந்தும் கொடுக்கவில்லை. நூலில் இலக்கண வழுக்கள் மலிந்திருந்தன. பெரியபுராணத்தில் இல்லாத செய்திகளும் புகுந்திருந்தன. இலக்கணமே உயிராக வாழ்ந்த பெரும்புலவர் அவற்றைப் பொறுப்பாரா? ஒருநாள் அவர் வீட்டின் உள்ளே ஓய்வு கொண்டிருக்க, வெளியே காத்திருந்த பாரதியார் தம் பாட்டைத் தமக்குள்ளே பாடலானார். அவ்விசை பிள்ளையவர்களின் செவி வழி நெஞ்சிற் புகுந்து உருக்கிற்று. பாயிரமும் கிடைத்தது. இவ்வரலாற்றை எழுதிவைத்தவர் பிள்ளையவர்களின் மாணவரான டாக்டர் உ.வே. சாமிநாதையர்.

இந்நிகழ்ச்சியை இசையின் வெற்றி என்று சொல்லி மகிழ்வதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அதனுள் திறனாய்வுக்குரிய செய்தி ஒன்று அடங்கியுள்ளது. பிள்ளையவர்கள் முதலில் கூறிய தீர்ப்பு பிழையன்று, வழுக்கள் வழுக்களே. ஆனால் அத்தீர்ப்பு ஏட்டைப் பற்றியது. பாடுவதற்கென்றே எழுந்த நூலைக் கண்ணால் மட்டும் அளந்தமையால் அளவு குறைந்தது. செவியும் சேர்ந்தபோது அந்நூலே வேறொன்றாய்த் தோன்றிற்று.

ஏட்டுக்கும் செவிக்கும் இடையே அக்காலக் கல்வியில் இருந்த இடைவெளியைச் சாமிநாதையரின் வாழ்விலேயே காணலாம். 1871-இல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்த அவர், அவ்வூரிலேயே இருந்த பாரதியாரிடம் இசையும் பயின்றார். செய்தி தெரிந்ததும், இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியப் பயிற்சி தளரும் என ஆசிரியர் கருதினார். மாணவர் இசைப் பயிற்சியை விட்டார். ஆயினும் கேட்டது வீண்போகவில்லை. பின்னாளில் பாரதியாரின் வரலாற்றை நூலாக எழுதித் தமிழுலகிற்கு அளித்தவர் அவரே. கேட்டதைப் பகிர்தல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, அக்கீர்த்தனைகளுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாஞ்சி இராகத்தில் அமைந்த ‘வருகலாமோ’ என்னும் பாட்டு கச்சேரி மேடைகளில் பெரிதும் பயின்று வருவது. மாஞ்சி, பைரவிக்கு நெருங்கிய உறவுடையது; விரைந்து ஓடாமல், நின்று நின்று நெகிழ்வது. பாட்டின் முதற்சொல்லே இலக்கணம் கற்றார் கண்ணில் உறுத்தும். எழுத்து வழக்கில் ‘வரலாமோ’ என்பதே இயல்பு. ஏட்டில் நோக்கின் இடையில் நிற்கும் ககரம் மிகையாகத் தோன்றும். பாடக் கேட்டாலோ அந்த ஓரெழுத்துத்தான் பாட்டின் உயிர்நிலை என்பது புலனாகும். உள்ளே செல்லத் தூக்கிய கால் நிலத்தில் ஊன்றாமல் ஒரு கணம் தயங்குவதுபோல் அவ்வெழுத்து ஒலிக்கிறது. இறுதி ஓகாரம் நீண்டு செல்வது விடையை எதிர்நோக்கி நிற்கும் நெஞ்சின் நீட்சி. ‘வரலாமோ’ எனச் சுருங்கியிருந்தால் இத்தயக்கம் இல்லை.

ஆனால் செவி மட்டும் போதும் என்றும் கொள்ளலாகாது. கச்சேரியில் இப்பாட்டுத் தனியே பாடப்படுகிறது. முன்னும் பின்னும் கதை இல்லை. அவையோர் இராகத்தின் இனிமையில் திளைத்துத் தலையசைக்கின்றனர். கேட்பவன் யார், யாரிடம் கேட்கிறான், ஏன் கேட்கிறான் என்பன மறைந்துவிடுகின்றன. பிறப்பினால் கோயிலுக்குள் புகும் உரிமை மறுக்கப்பட்ட ஒரு பண்ணையாள், தன் இறைவனை நோக்கி ‘அருகில் வர எனக்கு இடமுண்டோ?’ என்று கேட்கும் கேள்வி அது. அக்கேள்வியின் சுடுதன்மை தெரியாமல் இனிமையை மட்டும் சுவைப்பது, அழுகின்றவன் குரல் நன்றாயிருக்கிறது என்று பாராட்டுவது போலாகும். ஏட்டை மட்டும் கண்ட புலவர்க்கு நேர்ந்த குறை ஒரு பாதி. இசையை மட்டும் கேட்கும் சுவைஞர்க்கு நேரும் குறை மறுபாதி.

பாட்டின் பின்னணியை அறியச் சேக்கிழாரிடம் செல்ல வேண்டும். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு சுருக்கமாகவே அமைந்துள்ளது. ஆதனூர் நந்தனார், கோயில்களின் முரசு முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்து வந்தார் என்கிறார் சேக்கிழார். இச்செய்தி ஆழ்ந்து நோக்கற்பாலது. கோயிலில் எழும் இசைக்கு வேண்டிய தோலும் நரம்பும் அவர் கைப்பட்டவை. அவற்றிலிருந்து எழும் இசையை உள்ளே நின்று கேட்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. கருவியை ஏற்றுக்கொண்ட வாயில், கருவி தந்தவரை ஏற்கவில்லை! இதனை உணர்ந்தபின் ‘வருகலாமோ’ என்னும் சொல்லைக் கேட்போர், முன்பு கேட்டது போல் கேட்க இயலாது.

சேக்கிழார் கூறாத ஒருவரைப் பாரதியார் படைத்தார். அவரே நந்தனின் பண்ணையார் ஆகிய வேதியர். தில்லைக்குச் செல்ல விடை கேட்கும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஓரிரவில் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். இறைவன் அருளால் வேலை முடிகிறது. வேதியர் மனம் மாறுகிறார். புராணத்தில் இல்லாததைச் சேர்த்தார் என்று புலவர் குறை கூறிய பகுதி இதுவே. ஆனால் மக்கள் நெஞ்சில் நிலைத்ததும் இதுவே. சேக்கிழாரின் நந்தனாரைத் தடுப்பது அவர் தம் பிறப்பைப் பற்றிய எண்ணம். பாரதியாரின் நந்தனைத் தடுப்பதோ அவ்வெண்ணத்தோடு நிலவுடைமையும் கூலி அடிமையும் ஆகும். தம் காலத்துச் சோழநாட்டு வயல்களில் கண்டதையே பாரதியார் பாட்டாக்கினார் எனல் பொருந்தும்.

மலாயாத் தோட்டங்களுக்கு இக்கதை அயலானதன்று. தமிழ்நாட்டினின்றும் கப்பலேறி வந்தோருள் பண்ணையாட்களாய் இருந்தோர் பலர். பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, ஒரு நாள் விடுமுறைக்குக் கங்காணியிடமும் கிராணியிடமும் துரையிடமும் சொல்லிக் காத்திருந்தவர்களுக்கு ‘நாளைப் போவேன்’ என்பதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

திரைப்படமும் இக்கதையைப் பரப்பியது. 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். 1942-இல் ஜெமினியின் ‘நந்தனார்’ வெளிவந்தது. தேவாரம் ஓதும் மரபில் வந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் அதில் நந்தனாராகப் பாடி நடித்தார். ஓதுவார் மரபின் பயிற்சியால் சொற்கள் சிதையாமல் வெளிப்படுவது அவர் பாட்டின் சிறப்பு. இசை எவ்வளவு உயர்ந்து சென்றாலும் சொல் பின்தங்குவதில்லை. தமிழாசிரியர் மாணவர்க்குக் கேட்பிக்கத் தக்க குரல் அது. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். அப்படத்தில் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் இயற்றிய பாட்டுகளும் இடம்பெற்றன. நந்தனார் பாட்டு என்றதும் யாவும் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றியவை எனக் கொண்டு அனுப்புவது தவறு. இயற்றியவர் பெயரைச் சரியாகச் சொல்வது பகிர்வோரின் முதற்கடமை.

இக்கதையின் முடிவு பற்றிய தடையும் ஒன்றுண்டு. தில்லையில் நந்தனார் தீயில் மூழ்கி, வேதியர் கோலத்துடன் எழுந்த பின்னரே உள்ளே செல்கிறார். அவர் அவராகவே ஏன் செல்லக் கூடாது? இவ்வினாவை இருபதாம் நூற்றாண்டில் பலர் எழுப்பினர். புதுமைப்பித்தன் 1930-களிலேயே ‘புதிய நந்தன்’ என்னும் சிறுகதையில் அதே ஆதனூரைக் களமாக்கி, பழைய தீர்வு புதிய காலத்துக்குப் போதாது என்பதைக் காட்டினார். இத்தடை நேர்மையானது, அதை மறைத்துப் பாட்டைப் போற்றுதல் கூடாது. பாரதியாரின் கதை தீயில் முடிந்து சமாதானம் அடைகிறது. ஆனால் அவருடைய பாட்டு அவ்வாறு அமைதி அடைவதில்லை. கதை விடை கூறிவிட்டதாக எண்ணுகிறது; பாட்டோ கேள்வியாகவே நிற்கிறது. கதையினும் பாட்டு உண்மையானது என்பதே இக்கீர்த்தனைகளைப் பற்றிக் கூறத் தகும் தீர்ப்பு. கேள்வி என்னும் தமிழ்ச்சொல் செவியால் கேட்பதையும் வாயால் வினவுவதையும் ஒருங்கே குறிப்பது எத்துணைப் பொருத்தம்!

ஆகவே, வகுப்பறையிலாயினும் நண்பர் குழுவிலாயினும் இத்தகைய பாட்டைப் பகிர்வோர் மூன்றனைக் கருத்திற் கொள்வது நலம். முதலாவது, இயற்றியவர் யார், பாடியவர் யார் என்பதைத் தெளிவாகக் கூறுதல். இரண்டாவது, கதையில் யார், யாரை நோக்கி, எந்நிலையில் பாடுகிறார் என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் உணர்த்துதல். மூன்றாவது, தம் செவியைக் கவர்ந்த ஒரே ஓர் இடத்தைச் சுட்டுதல். அது ஒரு சொல்லாகலாம், ஒரு நீட்டலாகலாம், ஏன், ‘வருகலாமோ’வில் நிற்கும் ஒரு ககரமேயாகலாம். முதலில் பாட்டைக் கேட்பித்து, பின் ஏட்டைக் காட்டி, மீண்டும் கேட்பித்தால் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவரும் இரண்டாம் முறை புதிதாக ஒன்றைக் கேட்பர்.

இம்மூன்றும் கூடி வரும் பாட்டு, பத்துப் பேருக்குச் சென்றாலும் பத்துப் பேர் செவியிலும் தங்கும். அவையின்றி வருவது ஆயிரம் பேருக்குச் சென்றாலும் மறுநாள் வரும் பாட்டின் கீழ்ப் புதைந்துபோகும். நந்தன் கேட்ட கேள்வி அவ்வாறு புதையத் தக்கதன்று. கேட்டோர் ஒவ்வொருவரும் தாம் கேட்டதைச் சொல்லி அடுத்தவர் கையிற் கொடுக்கும் வரை அது உயிருடன் இருக்கும்.