இலக்கிய மீளாய்வில் 'அப்புறம் என்ன?'

பயிற்சி ஆசிரியர்கள் சிலர் தங்கள் ஆய்வேட்டின் 'இலக்கிய மீளாய்வு' பகுதியைப் பார்த்துத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் உழைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் முக்கால்வாசியில் மீளாய்வே இல்லை.

முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. சயாம் மரண ரயில் நாவல்களை ஆய்வுக்கு எடுத்த ஒருவர், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டின் கதைச் சுருக்கத்தையும் எழுதிவிட்டு, "இலக்கியம்னா இதானே சார்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாவல் உங்கள் மூல நூல். இங்கே இலக்கியம் என்பது உங்கள் தலைப்பில் ஏற்கெனவே வந்திருக்கும் ஆய்வுகளும் கட்டுரைகளும். 'முன்னாய்வுகள்' என்றே பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

அடுத்தது 'கூறுகிறார்' நோய். ஒருவர் இப்படிக் கூறுகிறார், அடுத்தவர் அப்படிக் கூறுகிறார், மூன்றாமவரும் கூறுகிறார். யாரும் யாரோடும் பேசுவதில்லை. பட்டயப் படிப்பில் நானும் இதே மாதிரி பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தவன்தான். விரிவுரையாளர் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் "அப்புறம் என்ன?" என்று மட்டும் எழுதியிருந்தார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

நீங்கள் திரட்டிய கட்டுரைகளை ஆசிரியர் பெயர்ப்படி அடுக்காமல், அவை கேட்கும் கேள்விப்படி பிரித்துப் பாருங்கள். இந்த நாவல்களை வரலாற்றுச் சான்றாகப் படிப்பவர், 1942-43இல் போடப்பட்ட 415 கிலோமீட்டர் பாதையையும் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பாட்டையும் தேடுவார். படைப்பாகப் படிப்பவர், பாத்திரங்களில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருவர் பாராட்டிய இடத்தையே மற்றவர் குறை சொல்லியிருக்கலாம். ஏன் அப்படி என்று நீங்கள் நாலு வரி எழுதினால், மீளாய்வு அங்கேதான் தொடங்குகிறது. தோட்டத்தில் காத்துக்கிடந்த பெண்களைப் பற்றி இருவருமே கேட்கவில்லை என்று வையுங்கள். உங்கள் ஆய்வுக்கு இடம் கிடைத்துவிட்டது.

ஆனால் "இதுவரை யாரும் ஆய்வு செய்ததில்லை" என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். தேடாமல் எழுதிய வரி வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்ளும். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். இணையத்தில் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழு ஆய்வேட்டையும் படித்த மாதிரி மேற்கோள் காட்டுவதும் வேண்டாம்.

கதைச் சுருக்கம் எழுதியவர் இப்போது நான்கு கட்டுரைகளை வைத்துக்கொண்டு மறுபடி எழுதுகிறார். நேற்று அனுப்பிய பக்கத்தில் இரண்டே 'கூறுகிறார்'தான் மிச்சம்.