கழுவிய பாதமும் கழுவாத சாதியும்

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் கட்டபொம்மனின் மண்கோட்டை நம் கண்முன் எழும். கும்பினியாரின் பீரங்கிகள் 1801-இல் அதை வீழ்த்தின; பிறகு அது தரைமட்டமாக்கப்பட்டது. ஆனால் அந்தக் கரிசல் சீமையில் எந்தப் பீரங்கியும் தொடாத சுவர் ஒன்று இருந்தது. அதுதான் சாதிச் சுவர்! ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்று சொல்லிவந்த கிறித்தவத்தையும் அது விட்டுவைக்கவில்லை. அச்சுவரை ஆண்டுக்கொருமுறை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கும் திருநாள் பெரிய வியாழன்.

கரிசலுக்குக் கிறித்தவம் புதிதன்று. கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில், தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பணியாற்றினார். அன்றுமுதல் இன்றுவரை அங்கே பெரிய வியாழன் வந்துகொண்டேயிருக்கிறது. ஒரே தேதியில் அன்று. மார்ச்சு 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்குப் பின்வரும் ஞாயிறு உயிர்ப்புத் திருநாள். அதற்கு மூன்று நாள் முந்தியது பெரிய வியாழன். ஆகவே ஓராண்டு பங்குனியில் வரும். மற்றோராண்டு சித்திரையில் வரும். நிலவு நகர, நாளும் நகர்கிறது. நெஞ்சம் நகர்ந்ததா என்பதே நம் கேள்வி.

அந்நாளின் பொருள் என்ன? இறுதி விருந்தின்போது ஏசு எழுந்து, இடையில் துண்டைக் கட்டி, சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்கிறது யோவான் எழுதிய நற்செய்தி. அந்நாளில் அது அடிமையின் வேலை. பேதுரு பதறித் தடுத்தார், ஏசு விடவில்லை. முடிவில், நீங்களும் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவுங்கள் என்றார். மழைநாளில் கரிசல் மண் காலை எப்படிக் கவ்வும் என்று அறிந்த உழவனுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுமோ? பிறர் காலின் சேற்றைத் தொட எவன் கூசுகிறானோ, அவன் அந்த விருந்தில் அமரத் தகுதியற்றவன். இதுவே அதன் பொருள்.

பொருள் இப்படி, நடப்பு எப்படி? தெற்கே, நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தைப் பாருங்கள். 1872-இல் எழுந்த கோயிலில் பீடம் ஒன்று, கூடம் இரண்டு! வேளாளருக்கு ஒன்று, நாடார் முதலியோருக்கு மற்றொன்று. நடுவே சுவர். 1910-இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது தவறென்று வேளாளர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். இடையில் கழிந்தவை 38 ஆண்டுகள். ஆண்டு தவறாமல் பெரிய வியாழன் வந்தது. யோவானின் அதிகாரம் ஓதப்பட்டது. சுவருக்கு இப்புறமும் கேட்டது, அப்புறமும் கேட்டது. காதில் விழுந்தது கருத்தில் விழவில்லை!

சடங்கு மாறவில்லை என்று சொல்வதற்கில்லை. 1955-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் செய்த சீர்திருத்தம், பாதம் கழுவுதலைப் பங்குக் கோயில்களின் மாலை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது. 2013-இல் போப் பிரான்சிசு உரோமைச் சிறுவர் சிறைக்குச் சென்று, பெண்களும் இசுலாமியரும் அடங்கிய பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்த விதியை 2016-இல் அவரே மாற்றினார். தலைமை தலைவணங்கியது; பாராட்டுவோம்.

ஆனால் விதி மாறினால் போதுமா? தமிழ்நாட்டின் சில ஊர்களில் கல்லறைகூட இன்றும் சாதிக்கொன்றாகத்தானே இருக்கிறது? வீட்டிலேயே கழுவித் துடைத்த பாதத்தைக் கோயிலில் மீண்டும் கழுவுவது எளிது. பாதிரியார் ஒருவர் குனிந்தால் ஊரார் அனைவரும் குனிந்ததாகிவிடுமா? அது அடையாளச் சடங்கு என்பர். ஆம், அடையாளந்தான். எதன் அடையாளம்? நடவாத ஒன்றுக்கு அடையாளம் காட்டுவதை நாடகம் என்றல்லவா உலகம் சொல்லும்?

ஒருவர் பாதத்தை ஒருவர் என்பதே கட்டளை. மேலத்தெருக்காரர் குனிந்து, ஊர் ஒதுக்கிவைத்தவரின் பாதத்தைக் கழுவட்டும். மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நீர் வாங்கிக் குடிக்கட்டும். இறந்தபின் ஒரே மண்ணில் அருகருகே உறங்கட்டும். அன்றுதான் பெரிய வியாழன் உண்மையிலேயே பெரிய வியாழன். அதுவரை கிண்ணத்து நீர் பாதத்தை நனைக்கும். சாதிக் கறையைத் தொடாது.