ஆற்காடு மிஷன்: அனுப்பிய சபையும் பெற்ற சபையும்

ஆற்காடு மிஷன் (1853) வட தமிழகத்தில் செயல்பட்ட கிறிஸ்தவ மதப்பணி அமைப்பு. டச்சுக் குடியேறிகளின் வழிவந்த அமெரிக்கச் சீர்திருத்தச் சபையால் நடத்தப்பட்டது. இச்சபை பிரெஸ்பிடேரியன் சபைகளைப் போலவே மூப்பர்களால் ஆளப்படுவது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணி, ஆற்காடு மிஷனின் தொடக்ககால மையங்களில் ஒன்று. வேலூர், ராணிப்பேட்டை, சித்தூர், திண்டிவனம் ஆகியவை பிற மையங்கள். ஸ்கட்டர் குடும்பத்தின் மருத்துவப்பணியால் இந்த மிஷன் உலகெங்கும் அறியப்பட்டது.

ஆற்காடு மிஷன் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அனுப்பிய சபையின் பார்வையில் எழுதப்பட்டவை. அமெரிக்காவிலிருந்து யார் வந்தார்கள், எதைக் கட்டினார்கள் என்பதே அவற்றின் உள்ளடக்கம். பணியைப் பெற்றுக்கொண்ட சபை எப்போது தன் பொறுப்பைத் தானே ஏற்றது, எப்போது பிற ஊர்களுக்குத் தன் ஆட்களை அனுப்பத் தொடங்கியது என்னும் கேள்வி அவற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டுள்ளது. ஒரு மிஷனின் வெற்றியை மதிப்பிட அந்தக் கேள்வியே முதன்மையானது.

பின்னணி

திருவண்ணாமலை வட்டாரம் பல மிஷன்களின் எல்லைகள் சந்திக்கும் பகுதி. திருவண்ணாமலை நகரில் டேனிஷ் லுத்தரன் மிஷன் செயல்பட்டது. அதன் வழிவந்தது இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. சேத்துப்பட்டில் பிரெஞ்சு கத்தோலிக்கப் பாதிரியார் தாராஸ் பெரிய சபையை உருவாக்கினார். ஆரணியும் அதைச் சுற்றிய கிராமங்களும் அமெரிக்கர்களின் களமாக இருந்தன. சீர்திருத்த மிஷன்கள் ஒருவர் களத்தில் மற்றவர் நுழைவதில்லை என்னும் உடன்பாட்டைப் பொதுவாகக் கடைப்பிடித்தன. இதனால் ஒரு கிராமத்தவர் லுத்தரன் ஆவதும் பிரெஸ்பிடேரியன் ஆவதும் அவர்களின் கொள்கைத் தேர்வால் நிகழவில்லை. எந்த மிஷனின் எல்லைக்குள் அவர்களின் ஊர் இருந்தது என்பதே அதை முடிவுசெய்தது.

ஆற்காடு மிஷனின் வேர் யாழ்ப்பாணத்தில் உள்ளது. டாக்டர் ஜான் ஸ்கட்டர் (1793-1855) நியூயார்க்கில் மருத்துவராக இருந்தவர். 1819-ல் இலங்கைக்குப் புறப்பட்டார். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் பணியாற்றினார். 1836-ல் மிரன் வின்ஸ்லோவுடன் சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசஃப் ஆகிய மூவரும் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினர். 1857-ல் அது அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. ஸ்கட்டர் குடும்பத்தினர் நான்கு தலைமுறைகளாக இங்கே பணியாற்றினர்.

ஆட்சிமுறை

பிரெஸ்பிடேரியன் மரபில் பிஷப் இல்லை. ஒவ்வொரு சபையையும் அதன் மூப்பர்கள் போதகருடன் சேர்ந்து நடத்துகின்றனர். பல சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடும் வட்டார அவை உண்டு. டச்சு மரபில் அதன் பெயர் கிளாசிஸ். அவையில் போதகருக்கும் மூப்பருக்கும் ஒரே வாக்குரிமை. கொள்கையளவில் ஆரணியின் ஏழை விவசாயத் தொழிலாளி ஒருவர் மூப்பரானால் அமெரிக்க மருத்துவருக்கு நிகராக அமர்ந்து வாக்களிக்கலாம்.

ஆற்காடு கிளாசிஸ் 1854-லேயே அமைக்கப்பட்டது. ஆனால் அது அமெரிக்காவில் இருந்த சினடுக்குக் கட்டுப்பட்டது. இந்தியப் போதகர்கள் அவையில் அமர்ந்தாலும் பணம் மிஷனின் கையில் இருந்தது. மிஷன் என்பது அமெரிக்கப் பணியாளர்களின் தனிக்கூட்டம். சம்பளம், கட்டிடம், இடமாற்றம் ஆகியவற்றை அது முடிவுசெய்தது. வாக்கு ஒரு அவையிலும் பணம் இன்னொரு அவையிலுமாக இருந்த இந்த இரட்டை அமைப்பில் மூப்பர்களின் சமத்துவம் பெயரளவில் நின்றது.

இதே அமெரிக்கச் சபை சீனாவின் அமோய் நகரிலும் பணியாற்றியது. அங்கும் அமெரிக்காவுக்குக் கட்டுப்பட்ட கிளாசிஸை அமைக்கும்படி 1857-ல் சினட் ஆணையிட்டது. அமோயில் இருந்த பணியாளர்கள் மறுத்தனர். ஆங்கிலப் பிரெஸ்பிடேரியன்களுடன் இணைந்து சீனர்களுக்கு உரிய தனி அவையை 1862-ல் உருவாக்கினர். தங்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுமளவுக்கு உறுதியாக நின்றனர். சினட் 1864-ல் பின்வாங்கியது. ஆற்காட்டில் அத்தகைய மோதல் அப்போது நிகழவில்லை. அமெரிக்கச் சினடின் பிடியிலிருந்து விடுபட ஆற்காட்டின் சபைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை காத்திருக்க நேர்ந்தது.

கிராமச் சபைகள்

தொடக்கத்தில் ஆற்காடு மிஷன் ஆங்கிலப் பள்ளிகளை நடத்த மறுத்தது. தமிழில் தெருப்பிரசங்கம் செய்வதும் துண்டுநூல்கள் வழங்குவதுமே அதன் வழி. சென்னையில் ஸ்காட்லாந்து பிரெஸ்பிடேரியன்கள் நேரெதிர் வழியில் சென்றனர். ஜான் ஆண்டர்சன் 1837-ல் அங்கே தொடங்கிய பள்ளியே பின்னர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆற்காடு மிஷன் பிற்காலத்தில் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. வேலூரில் அதன் பள்ளி 1898-ல் ஊரீஸ் கல்லூரியாக உயர்ந்தது.

1861 முதல் கிராமங்களில் பறையர் சமூகத்தினர் குடும்பம் குடும்பமாகச் சபையில் சேர்ந்தனர். சிலை வழிபாட்டைக் கைவிடுதல், ஞாயிறு ஓய்வைக் கடைப்பிடித்தல், இறந்த விலங்குகளின் இறைச்சியை உண்ணாதிருத்தல் ஆகியவை நிபந்தனைகளாக இருந்தன. ஞாயிறு ஓய்வு எளிய நிபந்தனை அல்ல. பண்ணையாளாக இருந்தவர் வாரத்தில் ஒருநாள் வேலைக்கு வரமாட்டேன் என்று நிலவுடைமையாளரிடம் சொல்வது அதுவரை இல்லாத உரிமைக்குரல். மிஷன் அறிக்கைகள் இதைப் பக்தியின் அடையாளமாகப் பதிவுசெய்தன. அதன் பொருளியல் பக்கத்தை அவை குறைவாகவே பேசின.

அந்தப் பக்கத்தை வெளிப்படையாகப் பேசியவர்களில் ஒருவர் செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து சுதந்திரச் சபையின் ஆடம் ஆண்ட்ரூ. நிலமற்ற பறையர்களுக்குத் தரிசு நிலம் வழங்கவேண்டும் என்று அவர் வாதாடினார். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையும், மிஷன்களின் தொடர்ந்த அழுத்தமும் 1892-ன் அரசாணைக்கு வழிவகுத்தன. பஞ்சமி நிலங்கள் அதன் விளைவு. ஒரு சபையின் உள்ளூர்ப் பணி வழிபாட்டுக் கூடத்துக்கு வெளியே சென்று சட்டமாக ஆனதற்கு இது எடுத்துக்காட்டு.

நன்கொடைக்காக எழுதப்பட்ட கதைகள்

அயல்நாட்டுப் பணி காணிக்கையால் நடப்பது. அமெரிக்காவில் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் சேர்த்த சிறுகாசு வரை அதில் அடக்கம். கொடுப்பவர் தொடர்ந்து கொடுக்க அவருக்குக் கதை தேவைப்பட்டது. ஜான் ஸ்கட்டர் குழந்தைகளுக்காகவே கடிதநூல்கள் எழுதினார். 1842 முதல் 1846 வரை அமெரிக்காவில் இருந்தபோது குழந்தைகளிடையே பேசுவதையே முதன்மைப் பணியாகக் கொண்டார். ஆற்காடு மிஷனின் ஜேக்கப் சேம்பர்லைன் (1835-1908) மதனப்பள்ளியில் பணியாற்றியவர். தெலுங்கில் தேர்ச்சி கொண்ட மருத்துவர். அவருடைய நூல்களின் தலைப்புகள் புலிக்காட்டையும் நாகப்பாம்பின் வளையையும் குறிப்பவை. இந்தியா அபாயம் நிறைந்த காடாகவும், எழுதுபவர் அதைக் கடந்துசெல்லும் வீரராகவும் அமெரிக்க வாசகருக்குத் தோன்றும்.

ஆனால் அதே சேம்பர்லைன் இந்தியச் சபை வெளிநாட்டுச் சபைகளின் கிளையாக நீடிக்கக்கூடாது என்று வாதிட்டவர்களில் ஒருவர். ஆற்காடு கிளாசிஸும் ஸ்காட்லாந்து சபையின் சென்னை அவையும் இணைவதற்கு உழைத்தார். அவருடைய சபைப்பணி முதிர்ச்சியானது. அவர் எழுதிய கதைகள் கொடுப்பவரின் ரசனைக்கு இறங்கியவை. இந்த முரண் அவருடையது மட்டும் அல்ல, நன்கொடையை நம்பிய பணி முழுவதற்கும் உரியது.

புகழ்பெற்ற கதை ஐடா ஸ்கட்டருடையது (1870-1960). இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று ஆண்கள் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவரை அனுமதிக்க மூவரும் மறுத்தனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா மருத்துவராக முடிவெடுத்தார். மேரி பாலின் ஜெஃப்ரி, டோரதி கிளார்க் வில்சன் ஆகியோர் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் இந்நிகழ்வை உலகறியச் செய்தன.

இக்கதையின் ஆற்றலை மறுக்க முடியாது. ஆனால் இறந்த மூன்று பெண்களுக்கும் கதையில் பெயர் இல்லை. அவர்கள் ஒரு சாதியின், ஒரு மதத்தின் அடையாளமாக மட்டுமே வருகின்றனர். அவர்களின் மரணம் வேறொருவரின் அழைப்புக்குக் காரணமாக அமைந்து முடிகிறது. மருத்துவமனையின் தொடக்க ஆண்டுகளில் வீடுவீடாகச் சென்ற வேதாகமப் பெண்கள், பிரசவம் பார்க்கக் கற்ற உள்ளூர்ப் பெண்கள், கிராமத்தில் தங்கிச் சபையைக் காத்த உபதேசியார்கள் ஆகியோரும் இத்தகைய நூல்களில் பின்னணி மனிதர்களாகவே நிற்கின்றனர். கிராமச் சபைகளின் அன்றாடத்தை நடத்தியவர்கள் அவர்களே.

அனுப்பும் சபையாதல்

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் கல்வி நிறுவனங்களில் படித்த தமிழ் மாணவர்கள் 1900-ல் அயல்நாட்டு மதப்பணிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். தங்கள் பணத்தில், தங்களில் ஒருவரைக் கடல்கடந்து தமிழ்நாட்டின் தொண்டிக்கு அனுப்பினர். எண்பது ஆண்டுகளுக்கு முன் ஜான் ஸ்கட்டரைப் பெற்றுக்கொண்ட யாழ்ப்பாணம் இப்போது அனுப்பும் இடமாக ஆனது. 1902-ல் யாழ்ப்பாணம் சென்ற வே.ச. அசரியா இதைக் கண்டு தூண்டுதல் பெற்றார். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. 1905-ல் அசரியா, கே.டி. பால் ஆகியோரின் முயற்சியில் தேசிய மிஷனரி சங்கம் செராம்பூரில் தொடங்கப்பட்டது. இந்தியப் பணம், இந்தியப் பணியாளர், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை.

ஆற்காட்டின் சபைகளும் இக்காலகட்டத்தில் மாறின. ஸ்காட்லாந்து பிரெஸ்பிடேரியன்களுடன் இணைந்த அவை, 1908-ல் கான்கிரிகேஷனல் சபைகளுடன் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 27 செப்டம்பர் 1947-ல் அச்சபை ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபைகளுடன் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. இவ்விணைப்பில் பிரெஸ்பிடேரியன் மரபினர் பிஷப்பை ஏற்றுக்கொண்டனர். மூப்பர் ஆட்சியின் தனித்தன்மை மங்கியது. ஆனால் அயல்நாட்டுச் சபையின் கிளை என்னும் நிலை முடிவுக்கு வந்தது.

கிறிஸ்துகுல ஆசிரமம்

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமம் நிறுவப்பட்டது. சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்து பிரெஸ்பிடேரியன் மரபைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் ஆகிய இரு மருத்துவர்கள் அதை உருவாக்கினர். திருமணம் செய்துகொள்ளாமல், கதர் அணிந்து, மருத்துவமனை நடத்தினர். ஆசிரமத்தின் வழிபாட்டிடம் திராவிடக் கோயில் பாணியில் கட்டப்பட்டது. ஏசுதாசன் பெரியண்ணன் என்றும் பேட்டன் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பட்டனர். வெள்ளையரைத் துரை என்றே அழைத்த காலத்தில் ஸ்காட்லாந்துக்காரர் தம்பியின் இடத்தை ஏற்றார். சபைச் சட்டம் தரமுடியாத சமத்துவத்தை ஓர் உறவுச்சொல் தந்தது. பேட்டன் 1932-ல் சென்னையில் அந்நியத்துணி மறியலின்போது காவல்துறையால் தாக்கப்பட்டார்.

திருவண்ணாமலையை அடுத்த டேனிஷ் களத்திலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. ஆனி மேரி பீட்டர்சன், எஸ்தர் ஃபேரிங் ஆகியோர் காந்தியுடன் கொண்ட உறவின் காரணமாகத் தங்கள் மிஷனிலிருந்து விலக நேர்ந்தது. பீட்டர்சனின் பள்ளிக்கு 1921-ல் பரங்கிப்பேட்டையில் காந்தி அடிக்கல் நாட்டினார். உள்ளூர் மக்களுடன் நிற்பதா, அனுப்பியவர்களின் சொல்லைக் கேட்பதா என்னும் கேள்வி எழுந்தபோது இவர்கள் முன்னதைத் தேர்ந்தனர்.

ஆசிரம வழிக்கும் குறைகள் உண்டு. பேட்டனின் குடும்பச் செல்வம் ஆசிரமத்துக்குப் பெரிய துணையாக இருந்தது. துறவை அடிப்படையாகக் கொண்டதால் குடும்பங்களால் ஆன கிராமச் சபைகளுக்கு அது முன்மாதிரியாக அமையவில்லை.

மதிப்பீடு

ஆற்காடு மிஷனின் நிறுவனங்களில் தலையாயது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1900-ல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கியது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆனது. அரசு பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கியபோது பல நாடுகளின் சபைகள் இணைந்து பொறுப்பேற்றன. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். ஹில்டா லாசரஸ் அதன் முதல் இந்திய இயக்குநரானார். ஒரு சபையின் சொத்தாக, ஒரு குடும்பத்தின் நினைவுச்சின்னமாக அது நின்றிருந்தால் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. உரிமையை விட்டுக்கொடுத்ததே அதன் வளர்ச்சிக்குக் காரணம்.

ஆரணி போன்ற ஊர்களின் சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர் பேராயத்தைச் சேர்ந்தவை. அப்பேராயம் 1976-ல் உருவானது. மருத்துவமனைக்குக் கிடைத்த வரலாற்றாசிரியர்கள் இச்சபைகளுக்குக் கிடைக்கவில்லை. முதலில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் செல்லாததால் அவர்கள் இழந்த கூலி, அவர்களின் உபதேசியார், அவர்களில் முதல் மூப்பர் ஆகியவை சபைப் பதிவேடுகளிலும் வாய்மொழி நினைவுகளிலும் தேடப்படவேண்டியவை.

ஆற்காடு மிஷனின் சாதனை பெரியது. அதை எழுதியவர்களின் கேள்வி சிறியது. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்ட வரலாறு, பெற்றவர்கள் எப்போது தங்கள் கையால் கொடுக்கத் தொடங்கினார்கள் என்று கேட்கவில்லை. தொண்டிக்குச் சென்ற யாழ்ப்பாண இளைஞரும் திருப்பத்தூரின் பெரியண்ணனும் அக்கேள்விக்கான விடைகள். ஆரணியின் கிராமச் சபைகளைப் பற்றிய வரலாறும் அக்கேள்வியிலிருந்தே எழுதப்படவேண்டும்.