மார்ஜார நியாயமும் முன்குறிப்பும்: ஓர் ஒப்பீட்டின் எல்லை

தென்னாசார்ய ஸம்ப்ரதாயத்தின் மார்ஜார நியாயத்தையும் கிறிஸ்தவ இறையியலின் முன்குறிப்புக் கொள்கையையும் ஒன்றெனக் கூறுவது ஒப்பீட்டு எழுத்துகளில் வழக்கமாகிவிட்டது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்கிறது, குட்டிக்கு முயற்சியில்லை, ஆகவே கால்வின் கூறியதும் இதுவே என்பது அவ்வாதத்தின் சுருக்கம். உவமையின் ஓர் அம்சத்தைக் கொண்டு ஸித்தாந்தம் முழுவதையும் அளப்பதால் நேரும் பிழை இது.

கால்வினது பெருநூலின் 1559ஆம் ஆண்டுப் பதிப்பு, சிலர் நித்திய வாழ்வுக்கும் ஏனையோர் நித்திய அழிவுக்கும் முன்னரே நியமிக்கப்பட்டனர் என்கிறது. அர்மீனியஸ் வழியினரின் மறுப்பை 1618–19இல் கூடிய டார்ட் சங்கம் தள்ளியது. அங்கே எழும் வினா, எடுக்கப்படுபவர் யார், விடப்படுபவர் யார் என்பது. மார்ஜார நியாயமோ பேற்றுக்கு உபாயம் யார் என்ற வினாவுக்கே விடையளிக்கிறது. கவ்வப்படாத குட்டியைப் பற்றி அது எதுவும் விதிக்கவில்லை.

ஈசுவரனுக்குப் பக்ஷபாதமும் நிர்தயையும் உண்டோ என்ற ஐயத்தை ப்ரஹ்மஸூத்ரமே (2.1.34) எழுப்பிக் கர்மத்தைக் காட்டி விலக்குகிறது. பராயத்தாதிகரணத்தில் (2.3.40–41) ஸ்ரீபாஷ்யகாரர், ஜீவனுடைய முதல் முயற்சியை நோக்கியே அந்தர்யாமி அனுமதி தந்து செயலை நடத்துகிறான் என நிறுவுகிறார். பாரதந்த்ரியம் கர்த்ருத்வத்தை அழிப்பதன்று. ஸ்ரீவசநபூஷணமும் ஈசுவர ஸ்வாதந்த்ரியத்தைத் தனியே நிறுத்தாமல், பிராட்டியின் புருஷகாரத்தை முன்னிட்டே தொடங்குகிறது. கால்வின் கூறும் ஆணைக்கு மேல்முறையீடு இல்லை; இங்கோ பரிந்துரைப்பவள் திருமார்பிலேயே உறைகிறாள்.

எனினும் க்ருபை நிர்ஹேதுகமாயின் அனைவரும் ஒருங்கே பேறு பெறாதது ஏன் என்ற வினா எஞ்சவே செய்கிறது. வேதாந்த தேசிகர் வ்யாஜம் வேண்டுமென்றது இதனாலேயே. தென்னாசார்யர் பக்ஷத்தை ஆதரிப்போர் இவ்வினாவை எளிதாகக் கடக்கலாகாது.

பொருத்தமான ஒப்பீடு வேறிடத்தில் உள்ளது. ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையிலுள்ள சிவகாசியில் 1858இல் மறைந்தவர் சி.எம்.எஸ். ஊழியர் தாமஸ் ராக்லாந்து. அவர் சார்ந்த ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளுள் 17ஆவது, வாழ்வுக்கான முன்குறிப்பை மட்டும் கூறி, அழிவுக்கான நியமனத்தைப் பற்றி மௌனம் காக்கிறது. முன்குறிப்பை விசுவாசிக்கு ஆறுதலாகவே வைக்கிறது. ப்ரபந்நனுடைய மஹாவிச்வாஸத்துடன் ஒப்பிடத்தக்கது இதுவே.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். இத்தகைய மரணங்களை 'விதி' என்று முடித்துவிடுவது உலக வழக்கு. அளவுக்கு மீறி மருந்தைக் குவித்தவனும், கண்டும் காணாதிருந்தவனும் அச்சொல்லுக்குள் மறைந்துகொள்ள இயலும். ஆனால் முதல் முயற்சி ஜீவனுடையது என்னும் ஸ்ரீபாஷ்யம் அவர்களுக்கு இடந்தராது. பேற்றில் ஜீவன் பரதந்த்ரன். பிறர்க்கு இழைக்கும் தீங்கில் அவனே கர்த்தா. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத ஒப்பீடு இரு மரபுகளுக்கும் நீதி செய்யாது.