ஒளியிழையில் குறியீட்டுப் பங்கீடு: ஒரு மதிப்பீடு

ஒரே கண்ணாடியிழையின் வழியாகப் பலர், தத்தம் முறைக்குக் காத்திராமல், ஒரே வேளையில் செய்தி அனுப்புதல் கூடுமா? கூடும் என்பதே குறியீட்டுப் பங்கீட்டு முறையின் கொள்கை. ஒவ்வொருவர்க்கும் தனிக்குறியீடு ஒன்று வழங்கப்பெறும். பெறுவோர் கருவி தனக்குரியதை மட்டும் தேர்ந்து கொள்ளும். இதனை ஒளியிழைக்குப் பொருத்திக் காட்டிய முன்னோடிக் கட்டுரைகளுள் புருக்னால், சன்டோரோ, ஃபான் ஆகிய மூவர் 1986-இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.

இக்கொள்கை வானொலித் துறையிலிருந்து பெறப்பட்டது. இடர்ப்பாட்டின் வேரும் ஆங்கே உள்ளது. வானொலி அலைக்குக் கூட்டலும் கழித்தலும் உண்டு. ஆதலின் பிறர் குறியீடுகள் பெரும்பாலும் தம்முள் கழிந்துபோகும். ஒளியின் செறிவை அளக்கும் கருவிக்கோ கழித்தல் என்பதே இல்லை. பிறர் ஒளி சேரச் சேர, 'இல்லை' என இருக்க வேண்டிய இடத்தில் 'உண்டு' எனக் கருவி பிறழ உணரும். பயனாளர் பெருகப் பிழையும் பெருகுவது இதனாலேயாம்.

இக்குறையைக் குறைக்கவே 1989-இல் சுங், சலேகி, வெய் ஆகியோர் ஒளிச் செங்குத்துக் குறியீடுகளை வகுத்தனர். இரு குறியீடுகள் ஓரிடத்துக்கு மேல் மோதா என்பது இவற்றின் சிறப்பு. ஆயின் விலை பெரிது. நீளம் 1,000, ஒளித்துடிப்பு 5 எனக் கொண்டால், கிடைப்பவை 49 குறியீடுகளுக்கு மேற்படா. விநாடிக்கு நூறு கோடி பிட் அனுப்பின், ஒரு துடிப்புக்கு வாய்க்கும் காலம் 1 பிகோவிநாடியே. 1,550 நானோமீட்டர் ஒளியில் இத்தகைய துடிப்பு, வழக்கமான இழையில் ஒரு கிலோமீட்டர் செல்லுமுன் ஏறத்தாழ 60 பிகோவிநாடி அளவுக்கு விரிந்துவிடும். அதனைத் திருத்தக் கருவிகள் உண்டெனினும், அவை செலவையும் நுட்பத்தையும் கூட்டுவன.

நிறங்களைக் குறியீடாகக் கொண்டு, இரு உணர்கருவிகளால் கழித்தலை உண்டாக்கும் வழியை 1993-இல் சக்கரின், கவேராட் இருவரும் காட்டினர். அவ்வழியில் மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர் அல்ஜுனிட் முதலானோர் 2004-இல் வெளியிட்ட குறியீட்டுக் குடும்பமும் போற்றத்தக்கதே. எனினும் கழிவது மோதலின் சராசரி மட்டுமே. ஒரே நிற ஒளிகள் உணர்கருவியில் கலக்கும்போது எழும் இரைச்சல் எஞ்சி நிற்கும். ஒளியின் வலிமையை உயர்த்தினால் இரைச்சலும் உடனுயரும்; ஆகவே வலிமையால் இதனை வெல்ல இயலாது.

புதிய குறியீடுகளை எண்ணிக்கை கொண்டே புகழும் கட்டுரைகளின் குறை இங்கே புலனாகும். இத்தனை பேர்க்கு இடமுண்டு என்பது மட்டும் செயற்றிறன் ஆகாது. எத்துணைத் தொலைவில், எவ்வேகத்தில், இரைச்சல் அனைத்தையும் சேர்த்தபின், நூறு கோடிக்கு ஒரு பிழை என்னும் வரம்பு காக்கப்பட்டதா என்பதே உரைகல். 2013 முதல் வெளியான ஜி.989 தரவரிசை, காலத்தையும் நிறத்தையும் பங்கிடும் முறையையே ஏற்றது. குறியீட்டு முறை காத்திருப்பை ஒழிக்கும் நலம் உடையதே. அந்நலம் இவ்வுரைகல்லில் தேறும்வரை, பெருகும் குறியீடுகள் ஏட்டளவில் நிற்கும் கணக்குகளே ஆகும்.