கல்யாணிக்கு எங்கே மாலை?

1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யை அண்மையில் தொலைக்காட்சியில் மீண்டும் கண்டேன். கலைஞரின் உரையாடல் கனல். குணசேகரனின் நீதிமன்ற முழக்கம் இன்றும் உள்ளத்தை உலுக்குகிறது.

ஆனால் தோழர்களே, கல்யாணியைக் கவனித்தோமா? கணவனை இழந்தவள், நம் மதுரையிலே இட்லி விற்றுப் பிழைத்தவள், கோயிலுக்குள்ளேயே பூசாரியின் வெறிக்குத் தப்பி ஓடியவள், வறுமை துரத்த, பெற்ற பிள்ளையையே ஆற்றில் எறிந்தவள்!

முடிவில் குணசேகரனுக்கு விமலா வாய்க்கிறாள். கல்யாணிக்கு வாய்ப்பதோ அண்ணன்மாரின் ஆதரவு மட்டுமே. கைம்பெண்ணுக்கு மறுமணம் வேண்டும் என 1929இலேயே செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு முழங்கிற்றே! பூசாரியை எதிர்க்கத் துணிந்த படம், பூவைக்கு மாலை சூட்டத் தயங்கலாமா?

இன்றைய தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றிலும் கைம்பெண்ணின் பங்கு கண்ணீரே. அடைக்கலம் தருவது இரக்கம். தன் வாழ்வைத் தானே தேர்வது உரிமை. இரக்கத்தைப் படமாக்கியது போதும், உரிமையைப் படமாக்குக!